கோகோ டப்பாவைத் தேடி வந்த எறும்பு

கக்காவ் நல்லதா, கோகோ நல்லதா? உணவு ஆலோசனைப் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் ஆறு பேரும் போன வாரம் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு முக்கால் மணி நேரம் இதையேதான் கேட்டீர்கள். சர்க்கரை நோயாளிக்கு மாவுச்சத்தைக் குறைத்துச் சமைக்கும்போது எந்தத் தூளைப் போடுவது என்று பெரிய பட்டிமன்றமே நடந்தது. ஒரு தம்பி, கக்காவ் என்றால் அமிர்தம், கோகோ என்றால் விஷம் என்கிற அளவுக்குப் போய்விட்டார். பேரைச் சொன்னாலே சின்னப் பிள்ளைகள் சிரிக்கிற ஒரு தூளுக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன். ரிட்டயர் ஆனவளுக்கு எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் கோபமாக வந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். இரண்டும் ஒரே மரத்தின் ஒரே விதை. வறுக்காமல், சூடு அதிகம் காட்டாமல் அரைத்ததைக் கக்காவ் என்று விற்கிறார்கள். வறுத்து அரைத்தால் கோகோ. வறுக்காததில் சில சத்துகள் கூடுதலாகத் தங்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிற விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரு கரண்டித் தூளில் அப்படி என்ன மாவுச்சத்து இருந்துவிடப் போகிறது? அதே விதை, அதே நிறம், அதே வாசனை, ஆனால் பாதிக்கு மேல் சர்க்கரை கலந்த மூன்றாவது தூள் ஒன்று இருக்கிறது. டிரிங்கிங் சாக்லேட். அதைப் பற்றி உங்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அந்தத் தூள்தான் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் பையை என்னைச் சோதனை போட வைத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் உணவு ஆலோசகர். முகப்பேரிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போவேன். லோ கார்ப் என்ற பேச்செல்லாம் அப்போது கிடையாது. "சுகர் டயட்" என்போம். சோற்றைக் குறை, கிழங்கை நிறுத்து, கீரையும் முட்டையும் சுண்டலும் கொடு. பேர்தான் மாறியிருக்கிறது.

அங்கே பிரசவ வார்டுக்கு வசந்தி வந்து சேர்ந்தாள். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவள். கணவர் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். ஏழாவது மாதம், சர்க்கரை ஏறியிருந்தது. முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்திருந்தது. அதற்கும் இந்தச் சர்க்கரைதான் காரணம் என்று பிறகுதான் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை பிரசவம் வரைக்கும் ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சே இதுதான்: "மேடம், நீங்க மண்ணைத் திங்கச் சொன்னாலும் தின்னுடறேன். இந்தப் புள்ள நல்லபடியா பொறந்தா போதும்."

சொன்ன மாதிரியே நடந்துகொண்டாள். எட்டுப் படுக்கை கொண்ட அந்த வார்டில் மற்றவர்களுக்கெல்லாம் வீட்டிலிருந்து தூக்கு தூக்காகச் சாப்பாடு வரும். இவள் எங்கள் சமையலறைத் தட்டைத் தவிர வேறு எதையும் தொடமாட்டாள். ஒரே பிரச்சினை பால். பால் வாசனை பட்டாலே குமட்டியது. நான்தான் புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். அரைத் தம்ளர் பாலில் ஒரு கரண்டி கோகோ, ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை கிடையாது. மதியம் மூன்றரைக்கு ஒரு தடவை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை. முதல் நாள் முகத்தைச் சுளித்தாள். "வாசனையே கசாயம் மாதிரி கீதுன்னு எங்க பக்கத்து பெட் அக்கா சொல்றாங்க, குடிச்சாலும் அப்படித்தான் மேடம்" என்று சிரித்தாள். ஆனால் பால் உள்ளே போய்த் தங்கியது. கொஞ்சம் இன்சுலினோடு பத்து நாளில் சர்க்கரை அழகாக இறங்கியது. பெரிய டாக்டர் என்னைப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, சர்க்கரை ஏறத் தொடங்கியது. முதலில் கொஞ்சம், பிறகு நிறைய. டாக்டர் இன்சுலினைக் கூட்டினார். மறுபடி ஏறியது. மறுபடி கூட்டினார். அந்த நாட்களில்தான் ஒரு மதியம் வசந்தி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"மேடம், முன்னாடி கசந்துச்சு. இப்ப இனிக்குதுங்களே. இதை நான் குடிக்கலாங்களா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு ஸ்பூன் எடுத்து என் நாக்கில் விட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஐந்து விநாடி வேலை. நான் பாடம் நடத்தினேன். "சர்க்கரையை நிறுத்தினா கொஞ்ச நாள்ல நாக்கு பழகிடும்மா. அப்புறம் பால்ல இருக்கிற இனிப்பே பெருசா தெரியும்" என்றேன். அது பொய்யல்ல, அப்படி நடப்பது உண்டுதான். படித்தவளுக்குத்தான் இப்படி ஒரு பதில் வாயில் தயாராக இருக்கும். படிக்காதவளாக இருந்திருந்தால் குடித்துப் பார்த்திருப்பேன்.

ஏன் குடித்துப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சமையலறையில் யாரும் எதையும் ருசி பார்க்க மாட்டார்கள். சமையல்காரர் துரை மேனாம்பேட்டுக்காரர், கைதேர்ந்தவர். ஆனால் உப்பு பார்க்கக்கூட ஒரு சொட்டு நாக்கில் விடமாட்டார். எச்சில் பட்டுவிடும் என்று வீட்டுச் சமையலில் இருக்கிற அதே கட்டுப்பாடு. போதாக்குறைக்கு, நோயாளிச் சாப்பாட்டில் யாரும் வாய் வைக்கக் கூடாது என்று சுத்தத்தின் பேரில் சுவரில் எழுதி ஒட்டியதும் நான்தான். ஆக, அடுப்பிலிருந்து கட்டில் வரைக்கும் அந்தத் தம்ளரை ருசி பார்த்த ஒரே ஆள் வசந்தி. அவள் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

வார்டில் பேச்சு மாறியது. நம் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, இன்றைக்கும் உண்டு, உங்களிடமும் பார்த்தேன். சர்க்கரை ஏறினால் உடனே, "திருட்டுத்தனமா ஏதோ சாப்பிடறாங்க" என்று ஆரம்பித்துவிடுகிறோம். சர்க்கரை நோயாளி என்றாலே பொய் சொல்பவர் என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? பெரிய டாக்டர் ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "உனக்கு நாக்கு முக்கியமா, புள்ள முக்கியமா?" அவள் தலையை ஆட்டி ஆட்டி, "நான் ஒண்ணும் திங்கலை சார், சத்தியமா திங்கலை சார்" என்றாள். அவர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் வார்டு ஆயா வந்து என் காதைக் கடித்தாள். "மேடம், அந்தப் பொண்ணு லாக்கராண்ட எறும்பு வரிசை கட்டிகினு போவுது. உள்ள இன்னாவோ கீது."

அவ்வளவுதான், எனக்கு வேகம் வந்துவிட்டது. பார்வையாளர் நேரம். மாலை ஐந்து மணி. கணவர் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். அவருடைய அக்கா வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். எட்டுக் கட்டிலிலும் ஜனம். நான் நேராகப் போய், "லாக்கரைத் திறம்மா" என்றேன். வசந்தி திறந்தாள். ஒரு சீப்பு, பவுடர், திருநீற்றுப் பொட்டலம், கழுவாத கோகோ தம்ளர். தம்ளரைச் சுற்றித்தான் எறும்பு மொய்த்தது. அந்தத் தம்ளரை நான் என் கையால் எடுத்து ஓரமாக வைத்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? பதில் கண்ணெதிரே இருந்தது. நான் இனிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பையையும் காட்டு."

"மேடம், அது வேணாம் மேடம். அதுல ஒண்ணும் இல்ல."

வேண்டாம் என்றாளா, அப்படியானால் அங்கேதான் இருக்கிறது என்று நினைத்தேன். நானே பையை வாங்கிக் கட்டிலில் கவிழ்த்தேன். இரண்டு புடவை, ஒரு துண்டு. துண்டுக்குள் சுருட்டி ஒளித்து வைத்திருந்த பொருள் வெளியே விழுந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் சட்டை. பாதி தைத்து, ஊசி குத்தியபடியே இருந்தது.

நாத்தனார் எழுந்துவிட்டார். "பொறக்கறதுக்கு முன்னாடியே சட்டையா? போன தடவை பட்டது பத்தாதா? ஒளிச்சு வெச்சுத் தைக்கிறவளுக்கு ஒளிச்சு வெச்சுத் திங்கத் தெரியாதா?" என்று சத்தம் போட்டார். கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வசந்தி அந்தச் சட்டையை எடுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான், "இனிமேலாவது ஒழுங்கா இரு" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆமாம், ஒன்றும் கிடைக்காத பிறகும் அப்படித்தான் சொன்னேன். எழுதும்போதே கை கூசுகிறது.

அன்றைக்கும் இன்சுலின் கூட்டப்பட்டது.

அடுத்த நாள் மூன்றரைக்குக் கொஞ்சம் முன்னால், முட்டைக் கணக்கு ஒன்றைக் கேட்கச் சமையலறைக்குப் போனேன். துரை ஒரு டப்பாவை மேடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா துரை?"

"சனியன் புடிச்ச எறும்புமா. இந்த டப்பாவ உட மாட்டேங்குது. தண்ணில வெச்சாலும் நீந்திகினு வருது."

அது கோகோ டப்பா. கசப்புத் தூளுக்கு எறும்பு எதற்கு? விரலை விட்டு ஒரு துளி எடுத்து வாயில் வைத்தேன். மிட்டாய் மாதிரி இனித்தது.

"துரை, இந்தத் தூள் எப்ப வந்துச்சு?"

"பழசு தீந்து பத்து நாளைக்கு மேல ஆவுது. ஸ்டோர்ல கேட்டேன். கடைல கோகோ இல்லியாம், இத வாங்கியாந்து டப்பால கொட்னாங்க. அட்டைப் பொட்டில கீந்தா நமுத்துடும்ல? டப்பா மேல கோகோன்னு போட்டுகீது, நான் இன்னாத்த கண்டேன்? வாயில வெச்சிப் பாக்கக் கூடாதுன்னு நீதானமா எழுதி ஒட்டிகீற!"

அவரைத் திட்டுவதற்கு எனக்கு வாய் இருந்ததா? ஸ்டோர்க்காரரிடம் ஓடினேன். காலி அட்டைப் பெட்டி இன்னும் மூலையில் கிடந்தது. டிரிங்கிங் சாக்லேட். "ரெண்டும் சாக்லேட் பவுடர்தானே மேடம், இதுக்கா இப்படி ஓடியாறீங்க?" என்றார் அவர் சாவகாசமாக. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி மாடி வார்டில் சத்தியம் பண்ணி அழுதுகொண்டிருக்கிறாள், இவருக்கு ரெண்டும் பவுடர்தான்.

இனிமேல்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். தவறு எல்லாருக்கும் நடக்கும். தவறு தெரிந்த பிறகு வருகிற ஒரு மணி நேரம்தான் நம்முடைய யோக்கியதை.

மேலாளர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். "சத்தம் போடாதீங்க. தூளைக் கொட்டிட்டு வேற வாங்கி வெச்சிடலாம். நாளைக்குத் தானா சுகர் இறங்கிடும். அந்தப் பொண்ணு திங்கறதை நிறுத்திட்டான்னு எல்லாரும் நெனச்சுப்பாங்க. யாருக்கும் நஷ்டமில்ல, பாருங்க" என்றார். எவ்வளவு அழகான யோசனை! ஒரு விநாடி, உண்மையைச் சொல்கிறேன், ஒரே ஒரு விநாடி எனக்கும் நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. அந்த இனிப்பை நம்பித்தானே இன்சுலினை அவ்வளவு கூட்டி வைத்திருக்கிறார்கள்? இனிப்பை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு மாலை ஆறரை மணி இன்சுலின் ஊசியை அதே அளவில் போட்டால், சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும். தூக்கத்திலேயே தாய்க்கு நினைவு தப்பும். வயிற்றுப் பிள்ளை என்ன ஆகும்? யாருக்கும் நஷ்டமில்லையாம்!

மதிய தம்ளரை நிறுத்தினேன். வார்டு சிஸ்டரிடம், "டாக்டர் சொல்ற வரைக்கும் வசந்திக்கு ஊசி போடாதீங்க" என்றேன். சிஸ்டர் கண்டிப்பானவர். "வாயில சொன்னா ஆகாது. எழுதிக் குடு" என்றார். கேஸ் ஷீட்டை வாங்கி எழுதினேன்: பத்து நாட்களுக்கு மேலாக நோயாளிக்குக் கொடுத்த கோகோவில் சர்க்கரை இருந்தது, சமையலறைத் தவறு, நோயாளியின் தவறல்ல. கையெழுத்தும் போட்டேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

பெரிய டாக்டர் அந்த நேரத்தில் பூந்தமல்லியில் அவருடைய கிளினிக்கில் இருப்பார். போன் போட்டால் அங்கிருந்த கம்பவுண்டர், "டாக்டர் பேஷண்ட் பாக்கிறார், அப்புறம் பண்ணுங்க" என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். மறுபடி வைத்தார். மணி ஆறு. மூன்றாவது தடவை, "ரெண்டு உசுருய்யா! நீ போனை வெச்சேன்னா உன் பேரையும் எழுதி வைப்பேன்" என்று கத்தினேன். டாக்டர் லைனில் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் காது கிழியத் திட்டினார். என்ன படிச்ச, எதுக்குச் சம்பளம் வாங்கற, எல்லாம். முழுசும் வாங்கிக்கொண்டேன். மூச்சு வாங்க அவர் நிறுத்தியபோது, "சார், ஊசி எவ்வளவு போடணும்?" என்றேன். பழைய அளவைச் சொன்னார். போனை வைப்பதற்கு முன், "பேஷண்ட் கிட்டயோ வீட்டுக்காரங்க கிட்டயோ எதுவும் சொல்ல வேணாம். ஆஸ்பத்திரி பேரு கெடும்" என்றார்.

அன்று ஊசி சரியான அளவில் போனது. சிஸ்டர் அவளை அடிக்கடி எழுப்பிப் பார்த்தார். காலையில் வசந்தி நன்றாக இருந்தாள். நான் அவள் கட்டிலுக்குப் போய்க் குனிந்து, மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். மன்னித்துக்கொள் என்றேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "பையைக் கொட்டறப்ப சத்தமாத்தானே மேடம் பேசினீங்க? இப்ப ஏன் ரகசியமா சொல்றீங்க?"

எனக்கு அறை விழுந்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி பேரு கெடுமாம்! அவள் பேர் எட்டுக் கட்டிலுக்கு முன்னால் கெட்டபோது எந்த மேலாளர் கதவைச் சாத்தினார்?

அன்று மாலை ஐந்து மணிக்கு அதே கூட்டம் இருந்தது. கணவர், நாத்தனார், பக்கத்துக் கட்டில்காரர்கள், ஆயா. நான் வார்டின் நடுவில் நின்று தொண்டையைத் திறந்து சொன்னேன். இந்தப் பெண் எதையும் திருடித் தின்னவில்லை. நான் கொடுத்த தம்ளரில்தான் சர்க்கரை இருந்தது. அவள் இனிக்கிறது என்று என்னிடமே சொன்னாள், நான்தான் கேட்கவில்லை. அவள் பையைத் தொட்டது என் தப்பு. நாத்தனார், "யாரு கண்டா" என்று முணுமுணுத்தார். கணவர் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். "நானும் நம்பிட்டேனே வசந்தி" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் அழுதார். அவள் அவரைத் தேற்றவில்லை.

எனக்கு மெமோ வந்தது. அனுமதியில்லாமல் நிர்வாக விஷயத்தைப் பேசியதற்காக. சர்க்கரை கொடுத்ததற்கு மெமோ இல்லை, கவனியுங்கள். அந்தக் கோபம் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறவில்லை.

ஐந்து வாரம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, வார்டே அதிரும் அழுகை. மூன்றாம் நாள் கணவர் பால்கோவா வாங்கிவந்து கட்டில் கட்டிலாகக் கொடுத்தார். துரைகூட மேலே வந்து, "மகாலச்சுமி வந்துகீது அண்ணாத்தே!" என்று ஒரு கை வாங்கிக்கொண்டு போனார். வசந்திக்குச் சர்க்கரை இறங்கிவிட்டிருந்தது. டாக்டரே சிரித்துக்கொண்டு, "ஒரு விள்ளல் சாப்பிடலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பெட்டியை அவளிடம் நீட்டினேன்.

ஒரு விள்ளல் எடுத்தாள். வாய் வரைக்கும் கொண்டுபோனாள். அப்புறம் அவள் கண் ஒவ்வொரு கட்டிலாகச் சுற்றி வந்தது. யாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எல்லாரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம் மேடம்" என்று அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டாள். துண்டில் விரல்களைத் துடைத்தாள். பிறகு, நான் கேட்காமலேயே, இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்துக் காட்டினாள்.